காயம் ஆறினால் போதுமா?

தொழிற்சாலையில் விபத்து நேர்ந்தது என்ற செய்தி வந்ததும் நம் நாட்டில் இரண்டு கேள்விகள் உடனே எழுகின்றன. எத்தனை பேர் மாண்டார்கள் என்பது ஒன்று. எவ்வளவு நஷ்டஈடு கொடுக்கப்படும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. காயமுற்றுப் பிழைத்தவன் மறுபடியும் வேலைக்குத் திரும்பினானா என்பதே அது. இதைச் சர்க்கார் கேட்பதில்லை, முதலாளி கேட்பதில்லை, தொழிற்சங்கமும் போதிய அளவு கேட்பதில்லை. கேட்பாரற்றுக் கிடக்கும் இந்தக் கேள்வியைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

2012-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 5-ந் தேதி சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் உள்ள பட்டாசுத் தொழிற்சாலையில் நேர்ந்த தீ விபத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் அன்று மாய்ந்தன. இத்தகைய கோரச் சம்பவங்களில் மாண்டோரின் தொகை நாள்தோறும் கணக்கிடப்படுகிறது, நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது, விசாரணைக்கு உத்தரவாகிறது. உயிர் தப்பியவர்களோ 'காயமுற்றோர்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறார்கள். தீயில் வெந்த கை, தோல் மூடிய பிறகும் இறுகிச் சுருங்கி மடங்கிப் போகும். கழுத்துத் தோல் இறுகித் தலை நிமிராமல் போகும். மாதக்கணக்கில் பயிற்சியும், தழும்பை அமுக்கி வைக்கும் உடுப்பும், சில சமயம் மீண்டும் சஸ்திர சிகிச்சையும் வேண்டும். அவை இல்லாவிட்டால் பிழைத்த உயிர் பிறர் கையை எதிர்பார்க்கும் உயிராகவே எஞ்சும்.

பெரிய விபத்துகளாவது பத்திரிகையில் வருகின்றன. அம்பத்தூரிலும் ஒரகடத்திலும் ஓசூரிலும் கோயமுத்தூரிலும் உள்ள பட்டறைகளில் பிரஸ் யந்திரத்தில் விரல் போவது செய்தியே ஆவதில்லை. பஞ்சாலையில் பெண்ணின் கூந்தலோ துப்பட்டாவோ யந்திரத்தில் சிக்குவதும், பவுண்டரியில் உருக்கிய இரும்பு காலில் சிந்துவதும், கட்டடச் சாரத்திலிருந்து கொத்தனார் விழுவதும் அப்படியே. ஒவ்வொன்றாக நடப்பதால் இவை ஒருவர் கண்ணுக்கும் படுவதில்லை. சேர்த்துப் பார்த்தால் இதுவே நாட்டின் பெரிய தொழில் விபத்து.

சட்டம் இதற்கு என்ன செய்திருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-ல் தோன்றிய ஐந்து வருஷங்களுக்குப் பிறகு, 1923-ல், தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1924 ஜூலை முதல் தேதி அது அமுலுக்கு வந்தது. வேலையின் காரணமாக நேர்ந்த காயத்துக்கு முதலாளி பொறுப்பாளி என்ற தத்துவத்தை அது நிலைநாட்டியது. அந்த அளவில் அது பெரிய முன்னேற்றந்தான். ஆனால் அச்சட்டம் உடலைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வீதம் நிர்ணயித்தது. கட்டைவிரல் போனால் சம்பாத்தியச் சக்தியில் நூற்றுக்கு 30 பங்கு நஷ்டம். சுட்டுவிரல் முழுவதும் போனால் 14. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. இப்படி ஒரு நீண்ட அட்டவணை. போன விரலுக்குக் கணக்குப் போட்ட அதே சட்டம், விரலைக் காப்பாற்றும் வைத்தியச் செலவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அச்செலவை முதலாளி ஈடுசெய்ய வேண்டும் என்ற விதி 2009-ம் வருஷத்துத் திருத்தத்தில்தான் சேர்ந்தது. 86 வருஷ காலம் இந்த நாட்டின் சட்டம் இழப்புக்கு விலை கூறியதே அன்றி, இழப்பைத் தடுக்கும் சிகிச்சைக்குப் பொறுப்பேற்கவில்லை.

கணக்கு எப்படி ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். முப்பது வயதுத் தொழிலாளி ஒருவனுக்குச் சுட்டுவிரல் அடியோடு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். 2020-ல் நிர்ணயித்த கூலி வரம்பு மாதம் ரூ. 15,000. அதில் நூற்றுக்கு 60 வீதம் ரூ. 9,000. அவன் வயதுக்கு அட்டவணை கூறும் பெருக்கெண் 207.98. விரலுக்கு நூற்றுக்கு 14. எல்லாவற்றையும் பெருக்கினால் ஏறக்குறைய ரூ. 2,62,000 வருகிறது. சிகிச்சை பெறும் காலத்திலோ பாதிக் கூலிதான்; அதாவது அரை மாதத்துக்கு ஒரு முறை மாதக் கூலியில் நூற்றுக்கு 25. இத்தொகை தாமதமின்றிக் கைக்கு வந்தது என்றே கொள்வோம். கடன் அடையும், ஒரு வருஷம் இரண்டு வருஷம் குடும்பம் நடக்கும். அதற்குப் பிறகு? முப்பது வயதுக்காரனுக்கு முன்னால் இன்னும் முப்பது வருஷ வேலைக்காலம் இருக்கிறது. விரலுக்கு விலை போட்டாயிற்று. விரல் இழந்தவன் இனி எந்த யந்திரத்தில் நிற்பான் என்பதற்கு அட்டவணையில் பதில் இல்லை.

இக்குறையை உணர்ந்தே சுதந்திர இந்தியா மற்றொரு வழியை மேற்கொண்டது. பேராசிரியர் அதார்க்கர் 1944-ல் சமர்ப்பித்த அறிக்கையை ஆதாரமாகக் கொண்டு 1948-ல் தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் சட்டம் நிறைவேறியது. 1952 பிப்ரவரி 24-ந் தேதி கான்பூரிலும் டில்லியிலும் இத்திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1955 ஜனவரி 23-ந் தேதி கோயமுத்தூரில் முதலில் அமுலாயிற்று. இ.எஸ்.ஐ. என்று எல்லாரும் வழங்கும் திட்டம் இதுவே. வேலையில் காயமுற்றவனுக்கு இதில் சிகிச்சை இலவசம். வேலைக்குப் போக இயலாத காலம் முழுவதும் கூலியில் நூற்றுக்கு 90 வீதம் கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நேர்ந்தாலும் இந்த உரிமை உண்டு. நிரந்தர ஊனம் ஏற்பட்டால் வைத்திய போர்டு நிர்ணயிக்கும் வீதப்படி ஆயுள் முழுவதும் பென்ஷன் உண்டு. நாம் மேலே கூறிய சுட்டுவிரலுக்கு, ரூ. 15,000 கூலி வாங்குபவனுக்கு, அது மாதம் ஏறக்குறைய ரூ. 1,900 ஆகும். உலகத்தில் பல தேசங்கள் பொறாமைப்படத்தக்க ஏற்பாடு இது என்பதில் ஐயமில்லை.

அப்படியிருந்தும் காயமுற்றவன் ஏன் வேலைக்குத் திரும்புவதில்லை? இங்கேதான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. நம் சட்டம் இரண்டு விதமான மனிதர்களை மட்டுமே அறியும். ஒருவன் நோயாளி, மற்றவன் ஆரோக்கியசாலி. பாதி குணமடைந்தவன் என்று ஒருவன் இருப்பதையே அது ஒப்புக்கொள்ளவில்லை. 1948-ம் வருஷச் சட்டத்தின் 63-வது ஷரத்தைப் பார்த்தால் இது விளங்கும். எந்த நாளில் ஒருவன் கூலிக்கு வேலை செய்கிறானோ அந்த நாளுக்குத் தற்காலிக ஊன உதவித் தொகை கிடையாது என்று அது கூறுகிறது. ஒரே சமயத்தில் இரண்டு பணமும் வாங்கக்கூடாது என்ற நோக்கம் நியாயமானதே. ஆனால் அதன் பலன் என்ன? நாளைக்கு மூன்று மணி நேரம் இலேசான வேலை செய்யக்கூடிய நிலைக்கு வந்தவன் அதைச் செய்யத் துணியமாட்டான். மூன்று மணி நேரக் கூலிக்காக அன்றைய உதவித் தொகை முழுவதையும் இழக்க வேண்டுமல்லவா? ஆகவே வீட்டிலேயே இருக்கிறான். பிறகு ஒரு நாள் டாக்டர் இறுதிச் சர்ட்டிபிகேட்டில் கையெழுத்திடுகிறார். மறுநாள் காலை எட்டு மணி ஷிப்டில், நேற்றுவரை ஒரு கத்தியும் பிடிக்காத கை, முழுவேகத்தில் ஓடும் யந்திரத்தின் முன்னால் நிற்க வேண்டும். கை நடுங்குகிறது, உற்பத்தி குறைகிறது, மேஸ்திரி முகம் சுளிக்கிறார். ஒரு மாதத்தில் அவன் தானாகவே நின்றுவிடுகிறான். அவன் நீக்கப்படவில்லை, ராஜிநாமாச் செய்துவிட்டான் என்று ரிஜிஸ்தர் கூறும்.

காயம் ஆறுவது வேறு, கை வேலைக்கு வருவது வேறு. வைத்தியர்கள் நன்கு அறிந்த இந்த உண்மையைச் சட்டம் இயற்றுவோரும் அறிய வேண்டும். விரலை மடக்கும் தசைநாண் அறுந்து போனால் சஸ்திர சிகிச்சையில் அதைச் சேர்த்துத் தைக்கிறார்கள். தையல் போட்டுக் கட்டிவிட்டு அசையாமல் வைத்தால் தசைநாண் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொள்ளும். விரல் கட்டை போல நிற்கும். அளவுக்கு மீறி அசைத்தாலோ தையல் அறுந்து போகும். ஆகையால் சிகிச்சை முடிந்த சில நாட்களிலேயே, பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்திலிருந்து, சிம்பு வைத்து, சிறிது சிறிதாக அசைக்கப் பழக்க வேண்டும். பாரமான வேலைக்கு அந்தக் கை வருவதற்குச் சுமார் மூன்று மாதம் பிடிக்கும். அந்த மூன்று மாதத்தில் வாரத்துக்கு வாரம் கவனிப்பு வேண்டும். சஸ்திர சிகிச்சை ஒரு நாளில் முடிகிற காரியம். புனர்வாழ்வு நூறு நாள் காரியம். நம் ஏற்பாடுகளோ அந்த ஒரு நாளைக்கே பெரும்பாலும் செய்யப்பட்டிருக்கின்றன.

அந்த ஒரு நாளிலும் முதல் மணி நேரம் வீணாகிறது. 1948-ம் வருஷத்துப் பாக்டரிச் சட்டம் 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி வைக்கச் சொன்னது. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்றது. விரல் அதிகமாகப் போகும் சிறு பட்டறையில் 500 பேர் ஏது? அங்கே பெட்டி பூட்டியிருக்கும்; அல்லது காலியாயிருக்கும். வெட்டுக்காயத்தின் மேல் காப்பித்தூளும், தீக்காயத்தின் மேல் இங்க்கும் பற்பசையும் தடவுகிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை. வெந்த இடத்தில் இருபது நிமிஷம் குளிர்ந்த குழாய்த் தண்ணீர் ஓடவிடுவதே முதல் மருந்து. துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டியில் வைத்து, காயமுற்றவனோடு கொண்டுபோனால் பல சமயம் மீண்டும் பொருத்த முடியும். பனிக்கட்டியிலேயே நேராகப் போட்டால் விரல் கெட்டுவிடும். இவ்வளவையும் ஒரு மேஸ்திரிக்குக் கற்பிக்க அரை மணி நேரம் போதும். அந்த அரை மணி நேரத்தை ஒதுக்காததால் எத்தனை விரல்கள் குப்பைக்குப் போயின என்று யார் கணக்கிடுவது?

திறமை நம்மிடம் இல்லை என்று எவரும் கூற முடியாது. கை சிகிச்சையில் தமிழ்நாடு உலகத்துக்கே வழிகாட்டிய நாடு. தொழுநோயால் மடங்கிப் போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் சிகிச்சையை டாக்டர் பால் பிராண்டு வேலூரில் வளர்த்தார். கையைச் சரிப்படுத்தி அனுப்பினால் மட்டும் போதாது, பிழைக்கத் தொழிலும் கற்பிக்க வேண்டும் என்று கண்டு அதற்கும் அங்கே ஏற்பாடு செய்தார்கள். அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே சஸ்திர சிகிச்சை செய்தார். 1966-ல் ஆஸ்பத்திரியிலேயே தங்கிப் பயிலும் புனர்வாழ்வு நிலையத்தை அமைத்தார். ஊனமுற்ற பின் வேலைக்குத் திரும்ப முடியும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையைவிட வேறு சான்று வேண்டியதில்லை. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கைக்கென்றே தனிப் பிரிவு பல்லாண்டுகளாக இருந்து வருகிறது. கோயமுத்தூரில் துண்டான கையைப் பொருத்தும் சிகிச்சையைக் கற்க அந்நிய நாடுகளிலிருந்து டாக்டர்கள் வருகிறார்கள். இவ்வளவு திறமை ஊரில் இருக்க, அடுத்த தெருவில் உள்ள பட்டறைத் தொழிலாளி விறைத்த விரலோடு வீட்டில் உட்கார்ந்திருப்பானேன்? இடையிலுள்ள சங்கிலி அறுந்து கிடப்பதே காரணம்.

இச்சங்கிலியை எப்படிக் கோப்பது என்பதற்கு ஜெர்மனியின் அனுபவம் கவனிக்கத்தக்கது. அங்கே விபத்து இன்ஷூரன்ஸ் சட்டம் 1884-ல் வந்தது. செலவு முழுவதும் முதலாளிகளின் சங்கங்களுடையது. சிகிச்சைச் செலவும் அவர்களுடையதே. ஆயுள் பென்ஷனும் அவர்களுடையதே. ஆகவே நல்ல சிகிச்சைக்கு இன்று செலவழித்தால் நாளைய பென்ஷன் மிச்சம் என்பதை அவர்கள் விரைவில் கண்டுகொண்டார்கள். 1890-ல் போகும் நகரத்தில் சுரங்கத் தொழிலாளருக்கென்று ஆஸ்பத்திரி கட்டினார்கள். விபத்துக் காயத்துக்கென்றே ஏற்பட்ட உலகத்தின் முதல் ஆஸ்பத்திரி அது. பென்ஷனுக்கு முன் புனர்வாழ்வு என்பது அங்கே சட்டத்தின் தத்துவமாகவே ஆகிவிட்டது. பாதி குணமடைந்தவன் நாளைக்குச் சில மணி நேரம் பழைய இடத்திலேயே வேலை செய்து பழகலாம். அந்தக் காலத்தில் இன்ஷூரன்ஸ் தொகை நிற்பதில்லை. வாரத்துக்கு வாரம் நேரத்தைக் கூட்டி முழு வேலைக்குக் கொண்டுவருகிறார்கள். ஒரு வருஷத்தில் ஆறு வாரத்துக்கு மேல் நோயால் வராதவனை அழைத்து, அவன் திரும்புவதற்கு என்ன மாற்றம் வேண்டும் என்று முதலாளி கலந்து பேச வேண்டும் என்பது 2004 முதல் அங்கே சட்டம். இதில் தர்மசிந்தனை எவ்வளவு, லாபக் கணக்கு எவ்வளவு என்று ஆராய வேண்டியதில்லை. இரண்டும் ஒரே திசையில் இழுக்கும்படி சட்டத்தை அமைத்தார்கள் என்பதே படிப்பினை.

நம் சட்டத்திலும் இதற்கு வித்து இல்லாமல் இல்லை. 1948-ம் வருஷச் சட்டத்தின் 19-வது ஷரத்து ஊனமுற்ற தொழிலாளரின் புனர்வாழ்வுக்கும் மறுபடி வேலையில் அமர்த்துவதற்கும் கார்ப்பொரேஷன் நடவடிக்கை எடுத்துச் செலவு செய்யலாம் என்று கூறுகிறது. 'செய்யலாம்' என்கிறது; 'செய்ய வேண்டும்' என்று கூறவில்லை. இந்த ஓரெழுத்து வித்தியாசத்தில் எத்தனையோ குடும்பங்களின் கதி அடங்கியிருக்கிறது. உதவித் தொகை உரிமை. ஆகவே வழக்காடிப் பெறலாம். புனர்வாழ்வு சலுகை; ஆகவே கேட்டுப் பார்க்கலாம், கிடைத்தால் உண்டு.

வேலையைப் பற்றியும் இதே நிலைமைதான். சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர் இடையில் ஊனமுற்றால் அவரை நீக்கக்கூடாது, பதவியிறக்கவும் கூடாது. பழைய வேலைக்கு இயலாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுக்க வேண்டும். இடமில்லாவிட்டால் புதிதாக ஓர் இடத்தையே உண்டாக்க வேண்டும் என்று 1995-ம் வருஷத்துச் சட்டம் கூறிற்று. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 20-வது ஷரத்தில் அதையே உறுதி செய்தது. மிகவும் நேர்த்தியான விதி. ஆனால் அது சர்க்கார் ஸ்தாபனங்களுக்கு மட்டுமே. குமாஸ்தாவின் கைக்கு இருக்கும் பாதுகாப்பு பிட்டரின் கைக்கு இல்லை. அந்தப் பிட்டருக்கு இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-வது ஷரத்து அளிக்கும் பாதுகாப்பு, உதவித் தொகை வாங்கும் காலம் வரைக்குமே. தொகை நின்ற மறுநாள் அவன் நிராதரவானவன். யந்திரத்தின் முன் நிற்பவனுக்கே அபாயம் அதிகம். அவனுக்கே பாதுகாப்புக் குறைவு. இது என்ன நியாயம்?

இவையெல்லாம் இ.எஸ்.ஐ.யில் உள்ளவன் கதை. மாதம் ரூ. 21,000-க்கு மேல் கூலி வாங்குபவன் அதில் சேர முடியாது. பத்துப் பேருக்குக் குறைவான பட்டறையும் பொதுவாக வெளியேதான். உள்ளே இருக்க வேண்டியவர்களிலும் பலரைக் காண்டிராக்டர்கள் பதிவு செய்வதில்லை. ஹரியானாவில் குருகிராம், பரீதாபாத் பகுதி மோட்டார் உறுப்புத் தொழிற்சாலைகளில் விரலிழந்த பலருக்கு விபத்து நடந்த பிறகே இ.எஸ்.ஐ. அட்டை எழுதப்பட்டது என்று அங்கே தொண்டாற்றுவோர் வெளியிட்டிருக்கிறார்கள். நம் ஊர்ப் பட்டறைகள் அதற்கு விலக்கு என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை. பீஹாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் திருப்பூருக்கும் சென்னைக்கும் வந்து உழைப்பவன் காயமுற்றால் கட்டுப் போட்டு ரயிலேற்றி அனுப்பிவிடுகிறார்கள். தையல் பிரிக்க வேண்டிய நாளில் அவன் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறான். அவனுக்குப் பயிற்சி யார் கொடுப்பது? சர்ட்டிபிகேட் யார் எழுதுவது?

இப்போது இதைப் பேசுவதற்கு விசேஷ காரணமும் உண்டு. 1923-ம் வருஷத்துச் சட்டமும் 1948-ம் வருஷத்துச் சட்டமும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கி, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21-ந் தேதி அமுலுக்கு வந்திருக்கிறது. அபாயகரமானது என்று சர்க்கார் அறிவிக்கும் தொழிலில் ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் இ.எஸ்.ஐ.யைப் பொருத்த அதில் வழி திறந்திருக்கிறது. புதிய சட்டத் தொகுப்புகளைப் பற்றித் தொழிலாளர் உலகில் பலத்த அபிப்பிராய பேதங்கள் உள்ளன. அவை ஒரு பக்கம் இருக்கட்டும். பழைய விதிகளின் இடத்தில் புதிய விதிகள் வரும் வேளையில் பழைய குறைகளையே பிரதி எடுத்து வைப்பது விவேகமாகாது.

நம் யோசனைகள் இவை. பிரஸ் யந்திரப் பட்டறை, பட்டாசு, பவுண்டரி ஆகியவற்றை அபாயகரமான தொழில்களாக அறிவித்து, ஆள் எண்ணிக்கை பாராமல் இ.எஸ்.ஐ.யில் சேர்க்க வேண்டும். புனர்வாழ்வு விஷயத்தில் 'செய்யலாம்' என்பதைச் 'செய்ய வேண்டும்' என்று மாற்ற வேண்டும். குணமடைந்து வரும் தொழிலாளி டாக்டரின் யோசனைப்படி நாளைக்குச் சில மணி நேரம் வேலை செய்தால், கூலி போக மிச்சத்தை உதவித் தொகையிலிருந்து ஈடுசெய்ய வேண்டும். ஒவ்வொரு தொழிற்பேட்டைக்கும் பொதுவாக ஒரு முதலுதவி நிலையமும், பிஸியோதெரபி என்னும் அங்கப் பயிற்சிச் சிகிச்சைக்கு மாலை வேளையில் திறந்திருக்கும் ஓர் இடமும் அமைக்க வேண்டும். 2016-ம் வருஷச் சட்டம் சர்க்கார் ஊழியருக்கு அளித்த பாதுகாப்பைத் தனியார் தொழிற்சாலைகளுக்கும், குறைந்தபட்சம் வேலையினால் நேர்ந்த ஊனத்துக்காவது, விரிவாக்க வேண்டும். தமிழ்நாட்டு சர்க்கார் 2021 டிசம்பரில் சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை அளிக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. அதே ஆண்டில் வீடு தேடிச் சென்று அங்கப் பயிற்சி அளிக்கும் ஏற்பாட்டையும் மக்களைத் தேடி மருத்துவத்தில் சேர்த்தது. சாலையில் விழுந்தவனுக்குச் செய்வதைச் சாரத்திலிருந்து விழுந்தவனுக்கும் செய்வது சர்க்காருக்குக் கடினமான காரியம் அன்று.

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். இ.எஸ்.ஐ. சந்தா கூலியில் நூற்றுக்கு 6.5 வீதமாக இருந்தது. 2019 ஜூலை முதல் அதை 4 ஆகக் குறைத்தார்கள், முதலாளி 3.25, தொழிலாளி 0.75. நிதி போதாதிருந்தால் சந்தாவைக் குறைத்திருப்பார்களா? இலேசான வேலை என்றால் தொழிலாளர் பாசாங்கு செய்வார்கள் என்பது மற்றோர் ஆட்சேபம். இன்றைய ஏற்பாட்டில்தான் பாசாங்குக்கு இடம் அதிகம். முழு நோயாளியாக இருந்தால்தான் பணம் என்று சட்டமே சொல்லும்போது, குணமாகி வருவதாக ஒருவன் ஏன் ஒப்புக்கொள்வான்? சிறிது சிறிதாக வேலைக்கு வருபவனின் திறமையும் குறையும் எல்லார் கண்முன்னும் தெரியும். சிறு பட்டறைக்காரர் இதைத் தாங்குவாரா என்று கேட்பதில் நியாயம் உண்டு. அதற்காகவே பாரத்தை அவர் ஒருவர் தலையில் சுமத்தாமல் இன்ஷூரன்ஸ் நிதியில் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்கிறோம். பத்து வருஷம் பழகிய லேத் தொழிலாளியை இழந்து புதியவனைப் பழக்குவதில் அவருக்கும் நஷ்டமே.

சட்டம் மாறும் வரை கைகட்டி இருக்கத் தேவையில்லை. தொழிற்சங்க ஊழியர்களுக்கு நாம் கூறுவது இது. விபத்து நேரும் முன்பே ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் இ.எஸ்.ஐ.யில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். காண்டிராக்டு ஆட்களையும், வடக்கிலிருந்து வந்தவர்களையும் விடாமல் பாருங்கள். விபத்து நேர்ந்தால் அறிக்கை உடனே எழுதப்பட்டதா, நடந்தது நடந்தபடி எழுதப்பட்டதா என்று கவனியுங்கள். வைத்திய போர்டின் முன் போகும் தொழிலாளி தனியே போக வேண்டாம். ஒருவர் கூடப் போங்கள். கூலி உயர்வுக்கும் போனஸுக்கும் ஒப்பந்தம் எழுதும்போது, காயமுற்றவனுக்கு இலேசான வேலை, பயிற்சிச் சிகிச்சைக்குப் போகச் சம்பளத்துடன் நேரம், திரும்பி வரும் வரை அவன் இடம் அவனுக்கே என்ற மூன்று வாசகங்களையும் சேர்க்கச் சொல்லுங்கள். நஷ்டஈடு வாங்கிக் கொடுத்ததோடு சங்கத்தின் கடமை தீர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். தொகை கைக்கு வந்த நாளிலிருந்துதான் அந்தக் குடும்பத்தின் கஷ்டம் ஆரம்பமாகிறது.

உழைப்பாளியின் கை அவனுடைய சொத்து மட்டுமல்ல. அது தேசத்தின் சொத்து. அக்கை பழுதானால் செப்பனிட்டு மறுபடி தொழிலில் சேர்ப்பது தயவு தாட்சண்ய விஷயமன்று, கடமை. இனி ஒவ்வொரு விபத்து அறிக்கையிலும், மாண்டோர் எத்தனை, காயமுற்றோர் எத்தனை என்ற பத்திகளோடு, ஒரு வருஷத்துக்குப் பின் வேலைக்குத் திரும்பியோர் எத்தனை என்று மூன்றாவது பத்தி ஒன்றும் இருக்கட்டும். அந்தப் பத்தியை நிரப்ப வேண்டிய பொறுப்பு ஏற்பட்டாலே, மற்ற காரியங்கள் ஒவ்வொன்றாக நடக்கத் தொடங்கும்.